மனநோயாளிக்கு டாக்டர், குடும்பம், கோர்ட் எல்லாம் இருக்கும்போது தனிக் கண்காணிப்பு எதற்கு?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மனநோய் உள்ளவரைக் கவனிக்க டாக்டர் இருக்கிறார், குடும்பம் இருக்கிறது, தப்பு நடந்தால் கோர்ட் இருக்கிறது. இதற்கு மேல் "சுயேச்சையான கண்காணிப்பு" என்று தனியாக ஓர் அமைப்பு எதற்கு, அது இருந்து என்ன ஆகப்போகிறது?

நியாயமான சந்தேகம்தான். அப்படி ஓர் அமைப்பு இருந்தும் ஒன்றும் ஆகாமல் போன கதைகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். முதலில், நீங்கள் சொன்ன மூன்று பேரும் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு ஒரு வழக்கைப் பாருங்கள்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கென்னத் டொனால்ட்சன் என்பவரை 1957இல் அரசு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனு போட்டது அவருடைய அப்பா. உத்தரவு போட்டது நீதிபதி. உள்ளே வைத்திருந்தது டாக்டர்கள். ஆக மூவரும் இருந்தார்கள். அவர் யாருக்காவது ஆபத்தானவர் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, வெளியே விட்டால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தெரிந்தவர்கள் கேட்டும் பார்த்தார்கள், அவரே கோர்ட்டுக்குத் திரும்பத் திரும்ப மனு எழுதினார், எல்லாம் தள்ளுபடி. கிட்டத்தட்ட 15 வருடம் உள்ளேயே இருந்தார். 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆபத்தில்லாத, தானாகவோ உற்றார் நண்பர் துணையோடோ வெளியே வாழக்கூடிய ஒருவரை வெறுமனே அடைத்துவைக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் ஒரு மனிதரின் நடுவயது முழுக்கப் போய்விட்டது.

இதில் யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் விஷயம். அப்பாவுக்கு மகனை நினைத்துக் கவலை, நீதிபதிக்கு டாக்டர் சொன்னால் சரி, டாக்டருக்கு ஏற்கெனவே எழுதிவைத்த கேஸ் ஷீட். ஒருவர் இன்னொருவரை நம்பி விட்டுவிட, மூவரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேறு எந்த நோயிலும் இப்படி நடக்காது என்பதை யோசித்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளி ஊசி வேண்டாம் என்று எழுந்து போனால் டாக்டர் திட்டுவார், அவ்வளவுதான். தொற்றுநோய்த் தனிமைப்படுத்தல் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரைப் பூட்டிவைக்கவும், வேண்டாம் என்றாலும் ஊசி போடவும், கட்டிலோடு கட்டவும் சட்டமே அனுமதி தருகிற இடம் மனநல வார்டு ஒன்றுதான். சிறைக் கைதிக்காவது வெளியே வரும் தேதி தெரியும். அதைவிட மோசம், உள்ளே இருப்பவரின் பேச்சுக்கு மதிப்பு கிடையாது. கோபப்பட்டால் நோய் ஏறியிருக்கிறது என்பார்கள், அமைதியாக இருந்தால் மருந்து கேட்கிறது என்பார்கள், "என்னை அடிக்கிறார்கள்" என்று எழுதிக் கொடுத்தால் சந்தேக நோயின் அறிகுறி என்று அதே கேஸ் ஷீட்டில் ஏறும். சாட்சி சொல்ல வேண்டியவரின் வார்த்தையையே அந்த நோயின் பெயர் செல்லாக்காசாக்கிவிடுகிறது.

ஆகவே, புகார் வந்தால் விசாரிப்போம் என்று உட்கார்ந்திருக்கும் எந்த அமைப்பும் இங்கே பிரயோஜனம் இல்லை. புகார் வராது. வந்தாலும் நம்பப்படாது. சில சமயம் நம்பத்தக்க ஆள் சொன்னாலும் வேலைக்கு ஆகாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்தில் விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. மனநோய்க்கானது என்பதைவிட அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கானது, ஆனால் பூட்டு அதே பூட்டுதான். அங்கே வேலை பார்த்த ஒரு சீனியர் நர்ஸே நிர்வாகத்துக்கும் சொன்னார், மருத்துவமனைகளை ஆய்வு செய்யும் நாட்டின் ஆணையத்துக்கும் சொன்னார். நோயாளி அல்ல, நர்ஸ். ஒருவரும் வரவில்லை. அவர் டிவி சேனலிடம் போனார். மறைத்து வைத்த கேமராவில் எடுத்த காட்சிகள் 2011 மே மாதம் பிபிசியில் வந்த பிறகுதான் மருத்துவமனை மூடப்பட்டது, ஊழியர்கள் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களில் 6 பேர் சிறைக்குப் போனார்கள். ஆணையத்தின் அறிக்கைகள் செய்யாததை ஒரு மறைகேமரா செய்தது என்பது அந்த நாட்டுக்குப் பெரிய அவமானம்.

சரி, அப்படியானால் வேலை செய்யும் கண்காணிப்பு எப்படி இருக்கும்? என் கணக்கில் எல்லாம் ஓர் இடத்தில்தான் வந்து நிற்கிறது: உள்ளே இருப்பவர் வாய் திறக்காமலேயே அது அவரைத் தேடி வர வேண்டும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, குறிப்பிட்ட நாள் ஆனதும் அவருடைய கேஸ் தானாகவே வெளியாட்கள் முன் போக வேண்டும். இன்னொன்று, வெளியாட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வார்டுக்குள் நுழைய வேண்டும்.

முதல் வழிக்கு இந்தியச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம், எழுத்தளவில் அது பரவாயில்லாத சட்டம். 2018 மே 29 முதல் அமலில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநல மறுஆய்வு வாரியங்களை அமைக்கச் சொல்கிறது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோ ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியோ தலைவர், கலெக்டரின் பிரதிநிதி ஒருவர், மருத்துவர்கள் இருவர், அதில் ஒருவர் மனநல மருத்துவர். மீதி இருவர் மனநோயை அனுபவித்தவர்கள் அல்லது பராமரிப்பாளர்கள் அல்லது இந்தத் துறையில் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தினர். ஒருவரைச் சம்மதம் இல்லாமல் சேர்த்தால், பெண் என்றால் 3 நாளுக்குள், ஆண் என்றால் 7 நாளுக்குள் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், 18 வயது ஆகாதவர் என்றால் 72 மணி நேரத்துக்குள். அந்த அட்மிஷனுக்கு 30 நாள்தான் ஆயுள். அதைத் தாண்டி வைத்திருக்க வேண்டுமானால் வாரியம் பார்த்து அனுமதிக்க வேண்டும், அதுவும் முதலில் 90 நாள் வரை, பிறகு 120, பிறகு 180 என்று ஒவ்வொரு முறையும் புதிதாக. நோயாளி மனு எழுதத் தேவையில்லை, காலண்டரே அவருக்காகப் பேசுகிறது. கட்டிவைத்த ஒவ்வொரு சம்பவத்தையும் மாதாமாதம் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் இருக்கிறது. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தனியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் இறந்தவர்களை நினைத்தால், அந்த ஒரு வரிக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது புரியும். மொத்தம் 28 உயிர்.

ஆனால் பல மாநிலங்களில் இந்த வாரியங்கள் அமைவதற்கே வருடக்கணக்கில் ஆனது. இல்லாத வாரியத்துக்கு 7 நாளில் தகவல் அனுப்புவது எப்படி?

இன்னொரு அபாயம், வாரியம் இருந்தும் எல்லாம் பேப்பரிலேயே முடிந்துவிடுவது. டாக்டரின் குறிப்பு, ஒரு கையெழுத்து, அடுத்த ஃபைல். நேரில் விசாரணை நடந்தாலும் நோயாளி தூக்கக் கலக்கத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மருந்தின் வேகத்தில் நாக்கு குழறும். எதிரே முன்பின் தெரியாத நாலு பேர், "எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா" என்பார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் தரப்பைப் பேச அவருக்கு என்று ஒருவர், வக்கீலோ உரிமை ஆலோசகரோ, முதல் நாளே வந்து கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு "நீங்க என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டிருந்தால்தான் அது விசாரணை. இந்தியச் சட்டத்தில் இலவச சட்ட உதவி உரிமையாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தனி ஆலோசகரின் உதவி சட்டப்படி கிடைக்கும். கேட்டு வாங்க வேண்டியிருப்பதுதான் பிரச்சினை, கேட்கும் நிலையில் இருந்தால் அவர் ஏன் உள்ளே இருக்கப்போகிறார்?

இரண்டாவது வழி, நேரில் போய்ப் பார்ப்பது. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

1887இல் நியூயார்க்கில் நெல்லி பிளை என்ற இளம் நிருபர் மனநோயாளி போல் நடித்து பிளாக்வெல்ஸ் தீவுக் காப்பகத்தில் 10 நாள் இருந்து, குளிர்ந்த நீர்க் குளியல், கெட்டுப்போன சாப்பாடு, நர்ஸ்களின் அடி எல்லாவற்றையும் பத்திரிகையில் எழுதினார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பின்னால் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜூரிகள் அவரையும் கூட்டிக்கொண்டு அதே தீவுக்கு ஆய்வுக்குப் போனார்கள். ரகசியமாகத்தான் கிளம்பினார்கள், ஆனாலும் அவர்கள் போய்ச் சேர்வதற்குள் சேதி போய்விட்டது. சமையலறை பளிச்சென்று இருந்தது. அவர் குறிப்பிட்டிருந்த பெண்களில் சிலர் அங்கே இல்லவே இல்லை. ஜூரிகள் அவரை நம்பியதால் விஷயம் தப்பித்தது, இல்லாவிட்டால் ஒரு பொய்க்காரி என்று பேர் வாங்கியிருப்பார். முன்கூட்டியே தேதி கொடுத்துப் போகும் ஆய்வு, கழுவிவிட்ட தரையைத்தான் பார்த்துவிட்டு வரும்.

நல்ல ஆய்வுக் குழு காலை பத்து மணிக்குப் போகாது. இரவு ஷிஃப்ட் ஆரம்பித்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையிலோ போகும், ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் ஆட்களைக் கட்டிவைப்பார்கள். சூப்பிரண்டெண்ட் அறையில் காபி குடிக்க உட்காராமல் நேராக வார்டுக்குள் போய் கட்டிவைத்தல் பதிவேட்டைக் கேட்பார்கள். பதிவேடு மூன்று மாதமாகக் காலியாக இருந்தால் சந்தோஷப்பட மாட்டார்கள். அதே மூன்று மாதத்துக்கு நர்ஸ்களின் இரவுக் குறிப்புகளையும், ஆளை அடக்கப் போடும் ஊசிகளின் ஸ்டாக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பதிவேட்டில் ஒருவரும் கட்டப்படவில்லை, ஆனால் ஊசி மட்டும் பெட்டி பெட்டியாகத் தீர்ந்திருக்கிறது என்றால் கேள்வி அங்கே தொடங்கும். சம்மதப் படிவங்களைப் புரட்டிப் பார்த்தால் இருபது பேருக்கும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா மை. தனியறை என்று ஒன்று கிடையாது என்பார்கள், தாழ்வாரக் கடைசியில் வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் உள்ள கதவு ஒன்று இருக்கும். நோயாளிகள் போன் பேசலாம் என்று போர்டு இருந்தால், ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து டயல் டோன் வருகிறதா என்று பார்ப்பார்கள். புகார்ப் பெட்டி இருந்தால், சாவி யாரிடம் என்று கேட்பார்கள். பெரும்பாலும் யார்மேல் புகார் போக வேண்டுமோ அவரிடமே இருக்கும்.

அப்புறம் நோயாளிகளோடு பேச வேண்டும், தனியாக. அட்டெண்டர் வாசலில் நின்றால்கூட அது தனிமை இல்லை. ஒருவரோடு மட்டும் பேசிவிட்டு வந்தால் யார் போட்டுக்கொடுத்தது என்று தெரிந்துவிடும் என்பதால் பலரோடு பேசுவார்கள், ஒன்றும் சொல்லாதவரிடமும் அதே நேரம் உட்காருவார்கள். சில வாரம் கழித்து மறுபடி வந்து, முதல் தடவை பேசியவர்கள் எந்த வார்டில் இருக்கிறார்கள், மருந்து கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் கவனித்த வரை பல குழுக்கள் கோட்டைவிடுவது இந்த இரண்டாவது வருகையில்தான்.

இதெல்லாம் யாரோ ஒருவரின் ஆசை இல்லை, சர்வதேச விதிகளிலேயே இருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கைக்கு 2002இல் ஒரு விருப்ப நெறிமுறை சேர்த்தார்கள். அதை ஏற்ற நாடுகள், மனிதர்களைப் பூட்டிவைக்கும் எல்லா இடங்களையும் பார்க்க ஒரு தேசிய அமைப்பு வைக்க வேண்டும், எங்கே போவது, யாரோடு தனியாகப் பேசுவது என்பதை அந்த அமைப்பே தீர்மானிக்கும், பேசியவருக்கு எந்தத் தொல்லையும் வரக் கூடாது. சிறை மட்டுமல்ல, மனநல வார்டும் அதில் வரும். இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. ஆனால் இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான எல்லா நிலையங்களையும் சுயேச்சையான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது, மனநோயும் அந்த உடன்படிக்கையில் அடங்கும்.

இப்போது "சுயேச்சை" என்ற சொல்லுக்கு வருகிறேன், எல்லாக் குளறுபடியும் இங்கேதான். தென்னாப்பிரிக்காவில் 2002லேயே நல்ல மனநலச் சட்டம் வந்துவிட்டது. மாகாணம்தோறும் மறுஆய்வு வாரியம், அதில் ஒரு மனநல வல்லுநர், ஒரு சட்டம் படித்தவர், சமூகத்திலிருந்து ஒருவர். பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2015 கடைசியில் கௌட்டெங் மாகாண சுகாதாரத் துறை, லைஃப் எசிடிமேனி என்ற நீண்டகாலப் பராமரிப்பு நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. காரணம் செலவு. கூடவே, நோயாளிகளைப் பெரிய காப்பகங்களில் அடைத்துவைக்காமல் சமூகத்துக்குள் கொண்டுவருகிறோம் என்ற அழகான வாதமும். குடும்பங்கள் எதிர்த்தன, மனநல மருத்துவர்கள் சங்கம் எச்சரித்தது, கோர்ட் வரை போனார்கள், நிற்கவில்லை. 2016இல் ஆயிரத்து எழுநூறு பேர் அளவில் இடம் மாற்றப்பட்டார்கள், பெரும்பாலும் 27 தொண்டு நிறுவனங்களுக்கு. அவற்றில் எதற்கும் செல்லுபடியாகும் உரிமம் இல்லை. சில இடங்களில் போதிய சாப்பாடு இல்லை, போர்வை இல்லை, கேஸ் ஷீட்கூடக் கூட வரவில்லை. அம்மா எங்கே, அண்ணன் எங்கே என்று தெரியாமல் குடும்பங்கள் அலைந்தன. 144 பேர் செத்துப்போனார்கள்.

வாரியம் என்ன செய்துகொண்டிருந்தது? 2017 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்ட சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மாலெகபுரு மகோபா, அந்த வாரியம் செயலற்றது, அதிகாரமும் சுயேச்சையும் அற்றது என்று எழுதினார். உறுப்பினர்களை நியமிப்பது அதே மாகாண சுகாதார அமைச்சர். எந்தத் துறையைக் கேள்வி கேட்க வேண்டுமோ அந்தத் துறையின் தயவில் இருந்துகொண்டு யார் வாய் திறப்பார்கள்? பெயர்ப்பலகையில் "சுயேச்சை" என்று எழுதினால் சுயேச்சை வந்துவிடாது. யார் நியமிக்கிறார்கள், யார் நீக்கலாம், பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, அறிக்கையை யாரையும் கேட்காமல் வெளியிட முடியுமா, இந்த நாலையும் கேட்டாலே சாயம் வெளுத்துவிடும்.

பிரான்ஸ் இதை ஓரளவு யோசித்துச் செய்தது. மக்களைப் பூட்டிவைக்கும் இடங்களுக்கான தலைமைக் கண்காணிப்பாளர் பதவியை 2007இல் உருவாக்கியபோது, பதவிக்காலம் 6 வருடம், மறுநியமனம் கிடையாது என்று வைத்தார்கள். மறுபடி பதவி கிடைக்குமா என்ற நப்பாசை இருந்தால்தானே வளைந்து கொடுக்கத் தோன்றும். 2016இல் அவர்கள் குழு கிழக்கு பிரான்ஸில் ஒரு மனநல மையத்துக்குப் போனபோது, நோயாளிகள் சிலர் ஒரு நாளில் 23 மணி நேரம் வரை தனியறையில், அதுவும் மாதக்கணக்கில், வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார்கள். அவசரப் பரிந்துரையாக அதை அரசிதழிலேயே வெளியிட்டார்கள். கவனியுங்கள், அந்த மையத்தில் யாரும் ஒளித்துச் செய்யவில்லை, டாக்டர்கள் இருந்தார்கள், நிர்வாகம் இருந்தது, அது அங்கே வழக்கமாகிப் போயிருந்தது. பிறகு 2020இல் அந்நாட்டு அரசமைப்பு மன்றம், தனிமை அறையும் கட்டிவைத்தலும் நீதிபதியின் மேற்பார்வை இல்லாமல் நீடிக்க முடியாது என்று சொன்னது. இப்போது குறிப்பிட்ட மணி நேரம் தாண்டினால் நீதிபதிக்குத் தகவல் போயே ஆக வேண்டும்.

கண்டுபிடிப்பது பாதி, நடக்க வைப்பது மீதி. பரிந்துரை மட்டும் செய்யும் அமைப்புக்கும் உத்தரவு போடும் அமைப்புக்கும் இருக்கும் வித்தியாசம் உள்ளே இருப்பவருக்கு வாழ்க்கைப் பிரச்சினை. இங்கிலாந்தில் குற்ற வழக்கு வழியாக மனநல மருத்துவமனைக்கு வந்தவர்கள் விஷயத்தில் மனநல மறுஆய்வுத் தீர்ப்பாயம் "இவரை விடலாம்" என்று உள்துறை அமைச்சருக்கு ஆலோசனை சொல்ல முடிந்ததே தவிர, விடுவிக்க முடியாமல் இருந்தது. 1981இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது போதாது, விடுவிக்கும் அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று சொன்னது, 1983ஆம் வருடச் சட்டத்தில் தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் வந்தது.

அமெரிக்காவில் 1986 சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மனநோய் உள்ளவர்களுக்கான பாதுகாப்பு மற்றும் உரிமை அமைப்பு உண்டு. உள்ளே போகலாம், ஆவணம் கேட்கலாம், தராவிட்டால் வழக்குப் போடலாம். வர்ஜீனியாவில் அந்த அமைப்பு மாநில அரசின் அமைப்பாகவே இருந்தது. அரசு மருத்துவமனைகளில் இரண்டு பேர் இறந்ததும் ஒருவர் காயமடைந்ததும் பற்றிய ஆவணங்களைக் கேட்டது, அதிகாரிகள் உள்விவகாரம் என்று மறுத்தார்கள், தன் சொந்த அரசின் அதிகாரிகள் மேலேயே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அப்படிப் போடலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதுதான் எனக்குப் பிடித்த உதாரணம். அந்த அமைப்புகளின் ஆலோசனைக் குழுவில் குறைந்தது 60 சதவீதம் பேர் மனநல சிகிச்சை பெற்றவர்களோ அவர்களின் குடும்பத்தினரோ இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அனுபவித்தவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

அது புதிய யோசனையும் இல்லை. பிரிட்டிஷ் பிரதமராக இருந்து சுட்டுக்கொல்லப்பட்ட ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் ஜான் பெர்சிவல், 1830களில் காப்பகங்களில் அடைபட்டிருந்து வெளியே வந்தவர். 1845இல் வேறு சிலரோடு சேர்ந்து, பைத்தியம் என்று சொல்லப்பட்டவர்களின் நண்பர்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கி, உள்ளே இருப்பவர்களுக்காகக் கடிதம் எழுதுவது, வழக்குப் போடுவது, காப்பகங்களுக்குப் போய்ப் பார்ப்பது என்று அலைந்தார். அரசின் ஆய்வு ஆணையமும் அதே வருடம்தான் வந்தது. அந்த ஆணையத்தையே யார் கண்காணிப்பது என்று தொந்தரவு செய்துகொண்டே இருந்தார்கள்.

எதிர்ப்புகளையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் பலருக்கு இது எரிச்சல். வார்டில் ஆள் இல்லை, படிவம் நிரப்பவே நேரம் போகிறது, வாரியத்துக்குக் காத்திருந்தால் நோயாளி உயிரை மாய்த்துக்கொள்வார் என்கிறார்கள். ஆள் இல்லை என்பது உண்மை. காத்திருப்பது என்பது உண்மையில்லை, அவசர சிகிச்சைக்கு எல்லாச் சட்டத்திலும் வழி இருக்கிறது, இந்தியச் சட்டத்தில் 72 மணி நேரம் வரை எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் செய்யலாம். நல்ல டாக்டருக்கு வெளியாள் வருவது உதவியும்கூட, ஆள் இல்லை என்று பத்து வருடமாக அவர் எழுதும் கடிதத்தைப் படிக்காத நிர்வாகம், வெளி அறிக்கையில் அதே வரி வந்தால் படிக்கும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா குழு, குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரைக் கட்டாயமாக அடைப்பதே கூடாது, ஆகவே அதை ஒழுங்குபடுத்தும் வாரியங்கள் அநியாயத்துக்கு முத்திரை குத்துகின்றன என்ற நிலையை எடுத்திருக்கிறது. அந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, பத்து நிமிட விசாரணைகளைப் பார்த்தால் அது சரிதானோ என்றே தோன்றும். ஆனால் இன்று இரவு உள்ளே பூட்டப்பட்டிருப்பவருக்கு, சட்டம் மாறும் வரை யாராவது வந்து பார்த்தே ஆக வேண்டும்.

கண்காணிப்பு அமைப்பே கெட்டுப்போவதும் உண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. விண்டர்போர்ன் வியூவுக்குப் பிறகு அந்த ஆணையம் திருந்தியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வோர்ல்டன் ஹால் என்ற இன்னொரு மருத்துவமனையைப் பற்றி 2015இல் அதன் ஆய்வாளர் ஒருவர் கடுமையாக எழுதிய அறிக்கை அப்போது வெளியிடப்படவில்லை, 2017இல் அதே இடத்துக்கு "நன்று" என்று மதிப்பீடு, 2019இல் மறுபடி பிபிசி, மறுபடி மறைகேமரா. இங்கிலாந்தில் கட்டாய நோயாளிகளுக்கென்றே 1983 முதல் தனி ஆணையம் இருந்தது, 2009இல் அதை எல்லா மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்குமான ஒரே பெரிய ஆணையத்தோடு சேர்த்தார்கள். ஸ்காட்லாந்து சேர்க்கவில்லை, அங்கே மனநலத்துக்கென்று தனி ஆணையம் 1960களிலிருந்து இன்னும் இருக்கிறது. எனக்கு ஸ்காட்லாந்தின் வழியே சரி என்று படுகிறது. ஆயிரம் கட்டிடங்களுக்கு மதிப்பெண் போடுபவரால் ஒரு பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரோடு அரை மணி நேரம் உட்கார முடியாது.

கடைசியாக, வீட்டில் ஒருவர் உள்ளே இருக்கிறார், நாங்கள் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. சேர்த்த தேதியும், அவர் சம்மதத்தோடு சேர்ந்தாரா இல்லையா என்பதும், எந்தப் பிரிவின் கீழ் என்பதும் எழுத்தில் வாங்கி வையுங்கள். அடுத்த மறுஆய்வு எந்தத் தேதியில் என்று கேளுங்கள், தெரியாது என்று பதில் வந்தால் அதையும் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். அவர் தெளிவாக இருக்கும் நாட்களில், மறுபடி நோய் வந்தால் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை எழுதிவைக்கச் சொல்லுங்கள், இந்தியாவில் அதற்குச் சட்ட மதிப்பு உண்டு. ஏதோ சரியில்லை என்று தோன்றினால் அவர் பெயரில் புகார் எழுதுவதைவிட, அந்த வார்டையே வந்து பாருங்கள் என்று கண்காணிப்பு அமைப்புக்கு எழுதுவது பாதுகாப்பு. எந்த நேரத்தில் வந்தால் என்ன பார்க்கலாம் என்பதையும், எழுதியவர் யார் என்று மருத்துவமனைக்குத் தெரியக் கூடாது என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.